டெம்பரரி ஆர்டருக்கு அப்பீல் உண்டா? திவால் வழக்கில் சிக்கிய கம்பெனியும் இடைக்கால உத்தரவும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பாவுக்கு ஜவ்வரிசி மொத்த வியாபாரம். சொந்தமாக ஆலை கிடையாது. ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் சரக்கை வாங்கி, நல்ல விலை வரும்வரை அந்த ஆலை குடோனிலேயே மூட்டைகளை அடுக்கி வைப்பார். அதற்கு மாத வாடகையும் கொடுப்பார். வாய்ப்பேச்சில் ஓடிய ஏற்பாடு, பல வருஷம் ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஒரு நாள் அப்படி ஓர் ஆலையின் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆலைக் கம்பெனி மேல் பாங்க் திவால் வழக்குப் போட்டு, அது விசாரணைக்கும் ஏற்கப்பட்டுவிட்டது. உள்ளே சித்தப்பாவின் சரக்கு 600 மூட்டை, ஒவ்வொன்றும் 90 கிலோ.

மூட்டைகள் தன்னுடையவை என்று வக்கீல் வைத்து மனுப் போட்டார். மனு முடிவதற்குள் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. சரக்கு கெட்டுப்போகும் முன் விற்றுவிடலாம், வரும் பணத்தில் ஆலையை ஓட்டிக்கொள்ளலாம், சரக்கு யாருடையது என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று அதில் இருந்தது. சித்தப்பா என்னிடம் சொன்னபோது இரண்டு மாதம் கடந்திருந்தது.

"டெம்பரரி ஆர்டர்தானே கண்ணு, இதுக்கெல்லாம் அப்பீல் கிடையாதாம். பைனல் ஆர்டர் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

அந்த உத்தரவை வாங்கிப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பீல் இருந்தது. அதற்கான நாட்கள்தான் போய்விட்டன. மூட்டைகளை விற்ற பணமும் மின்கட்டணத்துக்கும் கூலிக்கும் செலவாகியிருந்தது.

நான் வக்கீல் இல்லை. 18 வருஷமாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அந்த வேலையில் இத்தகைய கோப்புகள் என் மேசைக்கு வந்துபோகும். சித்தப்பாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதால், எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மஞ்சள் நோட்டீஸும் 2016 சட்டமும்

கடனில் மூழ்கியவரை நம் பக்கம் "மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டார்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் பூட்டிய கடையும், தலைமறைவான முதலாளியும், வாசலில் கூடி நிற்கும் கடன்காரர்களும்தான் மனசில் வரும். 2016இல் வந்த திவால் சட்டத்தின் நோக்கம் அது இல்லை. முடிந்தால் கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும். புதியவர் ஒருவர் பணம் போட்டு எடுத்து நடத்த வேண்டும். தொழிலாளிக்கு வேலை நிலைக்க வேண்டும், கடன் கொடுத்தவர்களுக்கும் முடிந்த அளவு பணம் திரும்ப வேண்டும். அது நடக்காவிட்டால்தான் சொத்துகளை விற்றுக் கம்பெனியைக் கலைப்பது. இது வெறும் கடன் வசூல் சட்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் சொன்னது.

வழக்கு நடக்கும் இடம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், சுருக்கமாக என்சிஎல்டி. தமிழ்நாட்டுக்கு உரிய அமர்வு சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது. சேலத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தி, இந்த ஊர் நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்தவரின் பெயரில் உள்ள சாலை அது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி அங்கே போகும் நம் ஊர் வியாபாரிகளை நினைத்தால் எனக்கு அது மறக்காமல் ஞாபகம் வரும்.

வழக்கைப் பாங்க் போடலாம், சரக்குக் கொடுத்தவர் போடலாம், கம்பெனியே தன் மேல் போட்டுக்கொள்ளலாம். பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். 2020 மார்ச் 24 வரை இந்த வரம்பு 1 லட்சமாக இருந்தது. 40 லட்சம் பாக்கி உள்ள சாக்கு வியாபாரி இப்போது தனியாக வழக்குப் போட முடியாது. வேறொருவர் போட்ட வழக்கில் தன் பாக்கியைக் கோரலாம்.

தீர்ப்பாயம் வழக்கை ஏற்றுக்கொண்ட நிமிஷத்தில் கம்பெனியின் நிலை தலைகீழாகிறது. இயக்குநர்களின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்படும். தீர்வு நிபுணர் என்ற ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். கம்பெனி மேல் புதிதாக வழக்குப் போடவோ, நடக்கும் வழக்கைத் தொடரவோ, சொத்தை எடுக்கவோ யாருக்கும் அனுமதி இல்லை. கடன் கொடுத்தவர்களின் குழு ஒன்று அமையும். மீட்புத் திட்டங்கள் வரும், குழு ஓட்டுப் போடும். எல்லாம் 330 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் இழுப்பது உண்டு.

இந்த நாட்களுக்குள் பல உத்தரவுகள் வரும். வழக்கை ஏற்பது, மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, கம்பெனியைக் கலைப்பது ஆகியவை பெரிய உத்தரவுகள். அவற்றின் மேல் மேல்முறையீடு உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நடுவில் வருபவைதான் குழப்பம் தருகின்றன. வாய்தா, தடை, "இப்போது உள்ள நிலை தொடரட்டும்" என்பது, "ஆவணங்களை ஒப்படை" என்பது, "ஏலத்தை நிறுத்து" என்பது என்று இவை பல வகை. எல்லாவற்றுக்கும் இடைக்கால உத்தரவு என்று ஒரே பெயர்தான்.

சட்டத்தில் எழுதியிருப்பது என்ன?

மேல்முறையீட்டைப் பற்றிப் பேசுவது திவால் சட்டத்தின் 61ஆவது பிரிவு. தீர்ப்பாயத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பது அதன் சாரம். இறுதி உத்தரவு என்று அங்கே இல்லை, உத்தரவு என்று மட்டுமே இருக்கிறது. இடைக்கால உத்தரவை விலக்கி வைக்கும் வரி எதுவும் கிடையாது. ஆகவே "டெம்பரரி ஆர்டருக்கு அப்பீலே கிடையாது" என்று மொத்தமாகச் சொல்வது தவறு.

அதற்காக ஒவ்வொரு தாளையும் தூக்கிக்கொண்டு மேலே போக முடியாது. உச்ச நீதிமன்றம் பழைய வழக்கொன்றில் இதற்குக் கோடு போட்டு வைத்திருக்கிறது. சென்ட்ரல் பாங்க் எதிர் கோகல் சந்த் என்ற அந்த வழக்கு 1967ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. வந்தது டில்லி வாடகைச் சட்டத்தின் கீழ். "ஒவ்வோர் உத்தரவின் மேலும்" மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அவ்வளவு அகலமாக எழுதியிருந்தாலும், வெறும் நடைமுறைக்காகப் போட்டு, யாருடைய உரிமையையும் பொறுப்பையும் தொடாத உத்தரவு அதில் சேராது என்று நீதிமன்றம் சொன்னது. சாட்சியை அழைப்பது, ஆவணத்தைக் காட்டச் சொல்வது, கட்டடத்தைப் பார்வையிடச் சொல்வது, விசாரணைத் தேதி குறிப்பது ஆகியவற்றை உதாரணம் காட்டியது. அவற்றில் தவறு இருந்தால், கடைசி உத்தரவை எதிர்த்துப் போகும்போது அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த அளவுகோல் திவால் வழக்குக்கும் பொருந்தும். நோட்டீஸ் அனுப்பச் சொன்னதையும், பதில் மனுவுக்கு இரண்டு வாரம் கொடுத்ததையும் எதிர்த்துப் போனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும். அது நியாயம்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓர் அப்பீல் என்றால் 330 நாள் 3,300 நாளாகும், காப்பாற்ற வேண்டிய கம்பெனி அதற்குள் துருப்பிடித்துப் போகும்.

ஆகவே உத்தரவின் தலையில் இருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த உத்தரவு இன்றைக்கே என் உரிமையில் கை வைக்கிறதா, கடைசியில் நான் ஜெயித்தாலும் கைக்கு ஏதாவது திரும்பி வருமா என்று பாருங்கள்.

அதே 600 மூட்டைக்கு இரண்டு உத்தரவுகள்

சித்தப்பாவின் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அடுத்தவர் பொருள் கம்பெனியின் கையில் ஒப்பந்தப்படி இருந்தால், தீர்வு நிபுணர் தன் கட்டுப்பாட்டில் எடுக்கும் சொத்தில் அது சேராது என்று சட்டத்தின் 18ஆவது பிரிவே விளக்கம் தருகிறது. பொருள் சித்தப்பாவுடையது என்று நிரூபித்தால் அது அவருக்குத் திரும்ப வேண்டும்.

தீர்ப்பாயம் இப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: "ஜவ்வரிசி மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். விற்றுவிடுங்கள். வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், யாரும் தொடக் கூடாது. சொந்தம் யாருக்கு என்று முடிவான பிறகு அவரிடம் கொடுங்கள்." இதுவும் இடைக்கால உத்தரவுதான். ஆனால் சித்தப்பாவின் உரிமை அப்படியே இருக்கிறது, மூட்டை பணமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை எதிர்த்து மேலே போனால், "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று முதல் கேள்வி வரும். அதற்கு நல்ல பதில் கிடையாது. இப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் காத்திருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

வந்த உத்தரவு வேறு. விற்ற பணத்தில் ஆலையை ஓட்டலாம் என்றது. மூட்டையும் போயிற்று, அதன் இடத்தில் பணமும் இல்லை. நாளை தீர்ப்பாயம் "ஆம், சரக்கு இவருடையதுதான்" என்று எழுதிக் கொடுத்தாலும், பணத்துக்காக அவர் மறுபடியும் ஓர் ஓட்டம் ஓட வேண்டும். பெயரில் தற்காலிகமாக இருந்தாலும் விளைவில் அது நிரந்தரமாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு வலுவான உத்தரவு இது.

இரண்டு தாளுக்கும் தலைப்பு ஒன்றாகவே இருந்திருக்கும், பக்க எண்ணிக்கைகூட ஒன்றாக இருந்திருக்கலாம். வித்தியாசம் நடுவில் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மற்றச் சில உத்தரவுகளையும் இப்படியே எடை போடலாம். நாளை காலை ஓட்டெடுப்பு என்ற நிலையில், "இவருடைய மீட்புத் திட்டத்தைக் குழுவின் முன் வைக்க வேண்டாம்" என்று இன்று மாலை வரும் உத்தரவு, அவரை ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுகிறது. அது உரிமையைத் தொடுகிறது. "இந்த மனுவைப் பிரதான வழக்கோடு சேர்த்து விசாரிக்கலாம்" என்பது சாதாரணமாக நடைமுறைதான். ஆனால் அதற்குள் ஏலம் முடிந்துவிடும் என்றால், தள்ளி வைப்பதே மறுப்பதற்குச் சமம். "பழைய கணக்குப் புத்தகங்களைத் தீர்வு நிபுணரிடம் கொடு" என்று இயக்குநருக்கு வரும் உத்தரவை எதிர்த்துப் போகிறவர்கள் உண்டு. ஒத்துழைக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், அதில் பணத்தையும் நாளையும் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு தடை கேட்டு மறுத்தால் அதுவும் உத்தரவுதானா என்று கேட்பார்கள். ஆமாம். நாக்பூர்ப் பக்கத்தில் மின்நிலையம் நடத்தும் விதர்பா இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி மேல் ஆக்சிஸ் பாங்க் திவால் மனுப் போட்டது. தங்களுக்கு 1,730 கோடி ரூபாய் வர வேண்டியிருக்கிறது, அது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது, அதுவரை இதை நிறுத்தி வையுங்கள் என்று கம்பெனி கேட்டது. மும்பைத் தீர்ப்பாயம் 2021 ஜனவரி 29 அன்று மறுத்தது. வழக்கு ஏற்கப்படவும் இல்லை, தள்ளப்படவும் இல்லை. நிறுத்தி வைக்க மறுத்த அந்த உத்தரவை மட்டும் எதிர்த்துக் கம்பெனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தோற்றது. அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போய் 2022 ஜூலை 12 அன்று ஜெயித்தது. அந்தத் தீர்ப்பின் சட்டக் கருத்தைப் பற்றிப் பிறகு பெரிய விவாதமே நடந்தது. நமக்கு இங்கே வேண்டியது வழக்கு போன பாதை மட்டும். நடுவில் வந்த ஒரு மறுப்பு டில்லி வரை போக முடிந்திருக்கிறது.

30 நாள், அதற்கு மேல் 15 நாள்

உரிமை இருந்து பயனில்லை, நாள் தவறினால். 61ஆவது பிரிவில் 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். தகுந்த காரணம் காட்டினால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இன்னும் 15 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். 46ஆவது நாள் எவ்வளவு கண்ணீர் விட்டாலும் மன்னிக்க அதற்கு அதிகாரமே இல்லை. உத்தரவு ஜூன் 3ஆம் தேதி வந்தது என்றால் அந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ஜூலை 3 முப்பதாவது நாள். ஜூலை 18 நாற்பத்தைந்தாவது நாள், கதவு சாத்தும் நாள்.

இது எவ்வளவு கறாரானது என்பதற்கு நம் சென்னை அமர்விலிருந்து போன வழக்கே சாட்சி. திருச்சியில் கொதிகலன் செய்துவந்த ஒரு கம்பெனி திவாலில் இருந்தது. அதன் தரப்பில் சில பரிவர்த்தனைகளை எதிர்த்து இடைக்கால நிவாரணம் கேட்டதைச் சென்னைத் தீர்ப்பாயம் 2019 டிசம்பர் 31 அன்று மறுத்தது. மேல்முறையீடு 2020 ஜூன் 8 அன்றுதான் தாக்கலானது. வழக்கின் தரப்பினருக்குத் தீர்ப்பாயம் தரும் இலவச நகல் கைக்கு வரவில்லை, அதனால் தாமதம் என்றார்கள். இடையில் கொரோனா ஊரடங்கும் வந்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 22 அன்று எதையும் ஏற்கவில்லை. உத்தரவைச் சொன்ன நாளிலிருந்து கணக்கு ஓடும். சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேட்டு விண்ணப்பிப்பது மேல்முறையீடு செய்கிறவரின் வேலை. இலவச நகல் வரும் என்று கை கட்டி உட்கார்ந்திருந்தால் நாள் நிற்காது. இதுதான் வி. நாகராஜன் வழக்கு. அங்கே இடைக்கால உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியுமா என்ற கேள்விக்கே வேலை வரவில்லை, நாள் கணக்கிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் படித்தபோது சித்தப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. வாதம் முடிந்த அன்று உத்தரவைச் சொல்லாமல் பிறகு இணையதளத்தில் ஏற்றினால், ஏற்றிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நகலுக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால், அதைத் தயார் செய்ய அலுவலகம் எடுத்துக்கொள்ளும் நாட்களும் கழியும்.

30 நாள் இருக்கிறதே என்று 29ஆவது நாள் வரை விடுவதும் ஆபத்து. வழக்கு ஏற்கப்பட்டுத் தீர்வு நிபுணர் வந்தால் 3 நாளில் பொது அறிவிப்பு, நியமன நாளிலிருந்து 14 நாளில் பாக்கிக் கோரிக்கைகள், பிறகு சரிபார்ப்பு, குழு அமைப்பு என்று சரசரவென்று போகும். உங்கள் முப்பதாவது நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் குழு உட்கார்ந்துவிடும். குழு அமைந்த பின் சமரசம் பேசி வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமென்றால் குழுவில் 90 சதவீத ஓட்டு வேண்டும். இதனால்தான் இந்த வழக்குகளில் பழகியவர்கள் முதல் வாரத்திலேயே மேலே ஓடுகிறார்கள்.

ஓடினாலும் கீழே எதுவும் தானாக நின்றுவிடாது. மேல்முறையீடு தாக்கல் செய்ததே தடை ஆகாது. தடை வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். "அப்பீல் போட்டாச்சு, இனி பயமில்லை" என்று நிம்மதியாகத் தூங்கியவர்களின் இயந்திரங்கள் அதற்குள் ஏலம் போயிருக்கின்றன.

போக முடியும் என்பதால் போக வேண்டுமா?

மேல்முறையீடு செல்லும் என்பது வாசல் வரை விடுவார்கள் என்பது மட்டும்தான். உள்ளே போன பிறகு இன்னொரு தடை இருக்கிறது. இடைக்கால உத்தரவு பெரும்பாலும் கீழே உள்ளவரின் விருப்புரிமையில், அதாவது எது சரி என்று அவரே பார்த்து முடிவு செய்யும் அதிகாரத்தில் வருவது. தான் அந்த இடத்தில் இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்பதற்காக மேலே உள்ளவர் அதை மாற்றக் கூடாது. சட்டத்தை மதிக்காமலோ, மனம்போன போக்கிலோ, ஆதாரத்துக்கு முற்றிலும் மாறாகவோ இருந்தால்தான் தலையிடலாம். 1990இல் உச்ச நீதிமன்றம் வாண்டர் எதிர் ஆன்டாக்ஸ் வழக்கில் வகுத்த விதி இது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி இடைக்காலத் தடை மறுத்தார், இரு நீதிபதி அமர்வு கொடுத்தது, உச்ச நீதிமன்றம் அமர்வின் உத்தரவை ரத்து செய்தது. அது மாத்திரைப் பெயரைப் பற்றிய சண்டை. ஆனால் அந்த விதியை எல்லா நீதிமன்றங்களிலும் எடுத்துக் காட்டுவார்கள்.

உங்களைக் கேட்காமலே எதிர்த்தரப்பு ஓர் உத்தரவு வாங்கிவிட்டதா? பல நேரங்களில் அதே தீர்ப்பாயத்திடம் போய், "என் பக்கத்தையும் கேளுங்கள், இதை மாற்றுங்கள்" என்று மனுப் போடுவதே வேகமான வழி. ஆனால் அந்த மனு நிலுவையில் இருக்கும்போதும் 30 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் உடனே சொல்வது, "ஐகோர்ட்ல ரிட் போட்டு ஸ்டே வாங்கிடலாம்" என்பது. மேல்முறையீடு என்ற வழி இருக்கும்போது உயர் நீதிமன்றம் சாதாரணமாக உள்ளே வராது. தீர்ப்பாயம் தனக்கு அதிகாரமே இல்லாத விஷயத்தில் கை வைத்தால் நிலைமை மாறும். 2019 டிசம்பரில் எம்பஸி வழக்கில், கர்நாடக அரசின் சுரங்கக் குத்தகை பற்றித் தீர்ப்பாயம் உத்தரவு போட்டபோது, அரசு நேராக உயர் நீதிமன்றம் போனதை உச்ச நீதிமன்றம் சரி என்றது. அஸ்தம்பட்டி கோர்ட்டில் உரிமையியல் வழக்குப் போட்டு இதைத் தடுக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். 63, 64ஆவது பிரிவுகள் அந்தக் கதவை அடைத்திருக்கின்றன.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்காக டில்லிக்கு அலைய வேண்டியதில்லை. தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் 2021இலிருந்து நடக்கிறது. அங்கும் தோற்றால் 62ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம். 45 நாள், அதற்கு மேல் 15 நாள். சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள், மூட்டை 600ஆ 580ஆ என்று அங்கே எண்ண மாட்டார்கள்.

யார் பெயரில் போடுவது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. வழக்கு ஏற்கப்பட்ட பிறகு, பழைய இயக்குநர்கள் கம்பெனியின் பெயரில் மேல்முறையீடு செய்ய முடியாது என்று 2017 ஆகஸ்ட் 31 அன்று இன்னோவென்டிவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி இப்போது தீர்வு நிபுணரின் கையில் இருக்கிறது. இயக்குநரோ பங்குதாரரோ பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் தன் சொந்தப் பெயரில் போட வேண்டும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் கம்பெனிக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போடுவது நம் பக்கம் சாதாரணம். அவர் மேல் தனி ஆள் திவால் மனு தாக்கலாகும் நாளிலேயே அந்தக் கடனுக்காக அவர் மேல் நடக்கும் வழக்குகளை நிறுத்தி வைக்கும் இடைக்காலத் தடைக்காலம் ஒன்று சட்டப்படி தானாக ஆரம்பிக்கும். அதை யாரும் உத்தரவாகப் போடுவதில்லை, ஆகவே எதிர்த்துப் போக அங்கே உத்தரவே இல்லை. அடுத்துத் தீர்வு நிபுணரை நியமிப்பதும் யாருடைய உரிமையையும் தீர்மானிப்பதாகாது, உண்மையான தீர்மானம் 100ஆவது பிரிவில் மனுவை ஏற்கும்போதுதான் தொடங்குகிறது என்று 2023 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. சண்டையை அதற்காகச் சேர்த்து வையுங்கள்.

இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறிக் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் இது பயன்படும். பங்காளிச் சண்டையில், நிர்வாகத்தில் கொடுமை என்று போடும் வழக்கும் இதே என்சிஎல்டிக்குத்தான் வரும். ஆனால் அது கம்பெனிகள் சட்டம். அங்கேயும் இடைக்கால உத்தரவு உண்டு, 421ஆவது பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. நாள் கணக்கு 45, காரணம் காட்டினால் இன்னும் 45. ஒரே கட்டடம், ஒரே நீதிபதி என்பதால் இரண்டின் நாட்களையும் குழப்பிக்கொண்டு, திவால் உத்தரவுக்கு 90 நாள் இருக்கிறது என்று நம்பியவரை நான் பார்த்திருக்கிறேன்.

உத்தரவு வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. இணையதளத்திலிருந்து எடுத்து முழுதாகப் படியுங்கள், புரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலிடம் "அப்பீல் உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "இந்த உத்தரவு நடந்து முடிந்த பிறகு நான் ஜெயித்தால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்றும் கேளுங்கள்.

சித்தப்பாவின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இப்போது அவர் எந்த ஆலையில் சரக்கு வைத்தாலும் ஒவ்வொரு மூட்டையிலும் தன் கடை முத்திரையைக் குத்துகிறார், குடோன் வாடகைக்கு ரசீது வாங்குகிறார். கடைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், அடுத்த விசாரணைத் தேதியைத் தாண்டி 30ஆவது நாளிலும் 45ஆவது நாளிலும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்.